நில் என்றால் நிற்கும் செல், நிற்காத செல்

செல் வளர்ப்பு ஆய்வகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம். நான்கு நாள் விடுமுறை முடிந்து வந்து இன்குபேட்டரைத் திறந்தேன். 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் இரண்டு பிளாஸ்க்குகள் படுத்திருந்தன. ஒன்றில் மனிதத் தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், இன்னொன்றில் ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்கள். இரண்டையும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் போட்டிருந்தேன். ஃபைப்ரோபிளாஸ்ட் பிளாஸ்க்கில் மீடியம், அதாவது செல்களுக்கு உணவான திரவம், இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஹீலா பிளாஸ்க்கில் மஞ்சளாகிவிட்டிருந்தது. மீடியத்தில் கலந்திருக்கும் ஃபீனால் ரெட், அமிலம் கூடினால் மஞ்சளாகும். உள்ளே இருக்கிற செல்கள் இருந்ததையெல்லாம் தின்று கழிவைக் கொட்டிவிட்டன என்று அர்த்தம்.

மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நீள நீளமாக, ஒன்றுக்கொன்று இணையாக, ஆற்றுநீர் சுழித்து ஓடுகிற மாதிரி வரிசை கட்டிப் படுத்திருந்தன. தரை முழுக்க நிரம்பியிருந்தது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறவில்லை. பிரியப்போகிற செல் உருண்டையாகித் தரையிலிருந்து எழும்பும், ஓரம் பளபளவென்று மின்னும், கண்ணுக்குத் தப்பாது. அந்தப் பிளாஸ்க்கில் தேடித் தேடிப் பார்த்தும் அப்படி இரண்டோ மூன்றோதான் கிடைத்தன. பக்கத்துச் செல் மேலே இடித்ததும் பிரிவதை நிறுத்திக்கொண்டிருந்தன. ஹீலா பிளாஸ்க்கில் தரையே தெரியவில்லை. குவியல் குவியலாக ஏறிக் கிடந்தன. செத்தவை மேலே மிதந்தன. அந்தச் சாவுக்கு நடுவிலும் மின்னும் உருண்டைகள் இருந்தன. சாப்பாடு தீர்ந்து, இடம் தீர்ந்து, அப்போதும் பிரிந்துகொண்டிருந்தன.

சார் குனிந்து பார்த்தார். "ரெண்டுக்கும் வேகத்துல பெரிய வித்தியாசம் இல்லம்மா. ஒண்ணுக்கு நிக்கத் தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்" என்றார்.

அதுவரை புற்றுநோய் என்றால் வேகமாக வளர்வது என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் நம் குடலின் உட்சுவர் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. பல கட்டிகளுக்கு அந்த வேகம் கிடையாது. குடலுக்கும் மஜ்ஜைக்கும் போதும் என்கிற கணக்குத் தெரியும், அதனால் அவை கட்டியாவதில்லை. சார் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய ஒன்பது வருடம் ஆனது. அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றுதான் புரிந்தது.

அந்தக் கதைக்குப் போகும் முன், செல் எப்படி நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எதுவும் இது இல்லாமல் விளங்காது.

வளர்ப்பில் இருக்கும் மனிதச் செல் ஒரு சுற்று பிரிய ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அதில் நாம் பாடத்தில் படம் வரைந்த பகுதி, அதாவது குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி இரண்டாகப் பிரியும் பகுதி, ஒரு மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்கத் தயாரிப்பு. முதலில் ஜி1 கட்டம், அதில் செல் வளர்ந்து, சுற்றுப்புறத்தைப் பார்த்து, பிரிவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. அடுத்து எஸ் கட்டம், 600 கோடி எழுத்துள்ள டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. பிறகு ஜி2 கட்டம், நகல் ஒழுங்காக முடிந்ததா என்று சரிபார்க்கிறது. அப்புறம்தான் எம் கட்டத்தில் பிரிகிறது. பிரிய வேண்டாம் என்று முடிவெடுத்த செல் ஜி0 என்கிற ஓய்வுக்குப் போய்விடும். நம் உடம்பில் பெரும்பாலான செல்கள் அந்த ஓய்வில்தான் இருக்கின்றன.

முக்கியமான முடிவு ஜி1-இன் பின்பகுதியில் நடக்கிறது. 1974-இல் ஆர்தர் பார்டி அந்த இடத்தைக் காட்டி, அதைக் கட்டுப்பாட்டுப் புள்ளி என்றார். அதைத் தாண்டிவிட்டால் செல் வெளியே யார் சொன்னாலும் கேட்காது, முழுச் சுற்றையும் முடித்துத்தான் ஓயும். அந்த வாசலில் காவலுக்கு நிற்பது ஆர்.பி என்ற புரதம். நகலெடுப்பைத் தொடங்கத் தேவையான ஜீன்களை இயக்குகிற ஈ2எஃப் என்ற புரதத்தை அது இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். வெளியிலிருந்து 'வளரு' என்ற செய்தி போதுமான நேரம் வந்தால், செல்லுக்குள் சைக்ளின் டி என்ற புரதம் சேரும். அது சி.டி.கே 4, சி.டி.கே 6 என்ற நொதிகளோடு சேர்ந்து ஆர்.பி மேல் பாஸ்பேட்டுகளை ஒட்டும். ஆர்.பி பிடியை விட்டுவிடும், வாசல் திறந்துவிடும். சி.டி.கே என்கிற இந்தப் பெயரை மறக்காதீர்கள். கடைசியில் அதற்குத்தான் வரப்போகிறேன்.

இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும் விஷயம். டிம் ஹன்ட் 1982 கோடையில் கடல் முள்ளெலியின் முட்டைகளில் புரதங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஒரு புரதம் மட்டும் மெல்ல மெல்லக் கூடி, முட்டை பிரிகிற நேரத்தில் சட்டென்று காணாமல் போனது. மறுபடி கூடியது, மறுபடி காணாமல் போனது. அதுதான் சைக்ளின். லேலண்ட் ஹார்ட்வெல்லும் பால் நர்ஸும் ஈஸ்ட்டில், பிரிய முடியாமல் சிக்கிக்கொண்ட செல்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் எந்த ஜீன் கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 1987-இல் நர்ஸின் ஆய்வகத்தில் அப்படி ஜீன் கெட்டுப்போன ஈஸ்ட்டுக்குள் மனித ஜீன்களைச் செலுத்தினார்கள். அதில் ஒரு மனித ஜீன், சி.டி.கே வகை நொதி ஒன்றைச் செய்கிற ஜீன், ஈஸ்ட்டின் பழுதைச் சரிசெய்துவிட்டது. ஈஸ்ட் பிரியத் தொடங்கியது. ஈஸ்ட்டும் நாமும் கிளை பிரிந்து நூறு கோடி வருடத்துக்கு மேல் ஆகிறது, இருந்தும் அதே பாகம் இரண்டிலும் பொருந்துகிறது. 2001-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு நிறுத்தத்தை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். குரோமோசோம்கள் பச்சையாக ஒளிரும்படி மாற்றிய ஹீலா செல்களை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக இரவெல்லாம் எடுக்க வைத்திருந்தேன். காலையில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு செல்லில் எல்லாக் குரோமோசோமும் நடுவில் தட்டுப்போல வரிசை கட்டிவிட்டன, ஒன்று மட்டும் ஓரமாகத் தனியே தங்கிவிட்டது. பக்கத்துச் செல்கள் பிரிந்து முடித்துவிட்டன. இந்தச் செல் பிரியவில்லை. ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வருவதும் பின்வாங்குவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் போல அப்படியே நின்றது. கடைசியில் அதுவும் வந்து வரிசையில் சேர்ந்தது, சில படங்களுக்குள் தட்டு இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் விலகியது. குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுப்பவை கதிர் இழைகள். அந்த இழை பிடிக்காத குரோமோசோம் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், 'பொறு' என்ற செய்தி செல் முழுக்கப் பரவும். ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாது. அன்று அந்தப் படத்தை எத்தனை முறை ஓட்டினேன் என்று நினைவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அது புற்றுச் செல். புற்றுச் செல்லில் எல்லாப் பிரேக்கும் போய்விடுவதில்லை. சில போயிருக்கும், சில இருக்கும். சிகிச்சையில் பாதி அதை நம்பித்தான் இருக்கிறது.

ஹீலாவில் எவை போயின என்பது இப்போது நன்றாகவே தெரியும். 1951-இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற 31 வயதுப் பெண்ணின் கருப்பை வாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் அவை. ஐந்து குழந்தைகளின் தாய். அதே வருடம் இறந்துபோனார். அவரிடம் யாரும் கேட்கவில்லை, குடும்பத்துக்கும் இருபது வருடத்துக்கு மேல் தெரியாது. பிளாஸ்க்கில் பெயர் எழுதும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தும். அவருடைய கட்டிக்குக் காரணம் எச்.பி.வி வைரஸின் 18-ஆம் வகை. அந்த வைரஸ் செய்யும் இரண்டு புரதங்களில் ஒன்று வாசல் காவலான ஆர்.பி-யைச் செயலிழக்க வைக்கும். மற்றது பி53 என்ற புரதத்தை அழித்துவிடும். டிஎன்ஏ அடிபட்டால் செல்லை நிறுத்திச் சரிசெய்ய வைப்பதும், சரிசெய்ய முடியாவிட்டால் செல்லைத் தானே சாகச் சொல்வதும் பி53-இன் வேலை. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதைச் செய்யும் ஜீன் கெட்டிருக்கும். யானைக்கு இதே ஜீனுக்கு இருபது பிரதிகள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய உடம்பில் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எச்.பி.வி-க்குத் தடுப்பூசி 2006 முதல் இருக்கிறது. கெடப்போகிற இரண்டு பிரேக்கை முன்கூட்டியே காப்பாற்றுகிற ஊசி அது. அக்கா மகளுக்குப் போட்டாயிற்று. போடலாமா என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வது, வைரஸ் உடம்புக்குள் வருவதற்கு முன் போட்டால்தான் முழுப் பலன், ஆகவே தள்ளிப்போடாதீர்கள் என்பது. ஊசி போட்டவர்களுக்கும் பிற்காலத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை தேவை, அதை விட்டுவிடக் கூடாது.

சரி, அக்காவுக்கு வருகிறேன்.

மார்பில் கட்டி. வலியில்லை என்பதால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பயாப்ஸி ரிப்போர்ட் வந்ததும் அத்தான் அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு உடனே போன் செய்தார். குரல் சரியில்லை. "கிரேடு 3-னு போட்டிருக்கு. அப்போ மூணாவது ஸ்டேஜா? அப்புறம் ஏதோ 40 சதவீதம்னு இருக்கு. உடம்புல 40 சதவீதம் பரவிடுச்சா?" என்றார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அக்காவும் அதையே நம்பிப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

அந்த இரண்டுமே தவறு. இதே தவறான புரிதலோடு எத்தனையோ வீடுகளில் ஒரு இரவைக் கழித்திருப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. ஸ்டேஜ் என்பது கட்டி எவ்வளவு பெரிது, எங்கே வரை போயிருக்கிறது என்ற கணக்கு. கிரேடு என்பது செல் பார்க்க எப்படி இருக்கிறது என்ற கணக்கு. மார்பகக் கட்டியில் மூன்று விஷயங்களில் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். செல்கள் இன்னும் குழாய் வடிவில் அடுக்கியிருக்கின்றனவா, உட்கருக்கள் ஒரே அளவா அல்லது தாறுமாறா, குறிப்பிட்ட பரப்பில் எத்தனை செல்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன. கூட்டினால் 3 முதல் 5 வரை கிரேடு 1, 6-ம் 7-ம் கிரேடு 2, 8-ம் 9-ம் கிரேடு 3. கிரேடு 3 கட்டி ஸ்டேஜ் 1-ஆகவும் இருக்கலாம்.

அந்த 40 சதவீதம் கே.ஐ-67. பிரியும் சுற்றில் இருக்கிற செல்லில் மட்டும் காணப்படும் ஒரு புரதம். ஓய்வில், அதாவது ஜி0-வில் இருக்கும் செல்லில் இருக்காது. கட்டியில் நூறு புற்றுச் செல்லை எண்ணினால் நாற்பது செல் சுற்றுக்குள் இருக்கின்றன, அறுபது இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். பரவலோடு அதற்கு நேர்த் தொடர்பு இல்லை. இந்தப் பரிசோதனையில் சுற்றில் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகச் சாயமேறும், மற்றவை நீலமாக இருக்கும், ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணும் இடத்தைப் பொறுத்தும் ஆளைப் பொறுத்தும் எண் கொஞ்சம் மாறும். நான் ஆய்வகத்தில் செல் எண்ணியவள், எனக்குத் தெரியும். ஒரே ஸ்லைடை நானும் தோழியும் எண்ணினால் ஒரே விடை வராது. எனவே 40-க்கும் 35-க்கும் நடுவில் உயிரைத் தொங்கவிடாதீர்கள்.

ஹெர்-2 என்று ஒரு வரி இருந்தது. செல்லின் மேற்பரப்பில் நின்று 'வளரு' என்ற செய்தியை உள்ளே அனுப்புகிற புரதம் அது. 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். அக்காவுக்கு 2+. அது இரண்டுக்கும் நடுவில், ஃபிஷ் என்ற பரிசோதனையில் ஜீனின் பிரதிகளை எண்ணித்தான் முடிவு சொல்ல முடியும். அதற்கு மேலும் சில நாட்கள் ஆகும் என்றார்கள். வீட்டில் யாருக்கும் காத்திருக்க மனமில்லை, உடனே சிகிச்சை தொடங்க வேண்டும் என்று என்னை நெருக்கினார்கள். எனக்கும் அந்தப் பதற்றம் இருந்தது. ஆனால் ஒரு செ.மீ. கட்டியில் சுமார் 100 கோடி செல்கள் இருக்கும், ஒரு செல் அந்த நிலைக்கு வர முப்பது முறை இரட்டிப்பாக வேண்டும். நோய் தொடங்கிப் பல வருடமாகியிருக்கும். ஒரு வாரத்தில் சரியான விடை கிடைக்கும் என்றால் அந்த வாரம் வீணல்ல. ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் மருந்தே வேறு. காத்திருந்தோம். ஃபிஷ் நெகட்டிவ் என்று வந்தது. ஆனால் கட்டியைக் கண்ட பிறகு காட்டாமல் இருந்த அந்த இரண்டு மாதத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. வலியில்லாத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ஒரு ராத்திரி அக்கா கேட்டாள். "நான் என்னடி தப்பு பண்ணேன்?"

அவளுக்கு என்ன சொல்ல என்று நிறைய யோசித்தேன். டிஎன்ஏ நகலெடுக்கும்போது நடக்கும் பிழைகளைச் செல்லே திருத்தும். திருத்தியும் நூறு கோடி எழுத்துக்கு ஒன்றோ, அதைவிடக் குறைவோ தப்பிவிடும். பெரும்பாலானவை எதையும் செய்யாத இடத்தில் விழும். வாழ்நாளில் எப்போதோ ஒன்று பிரேக்கில் விழும். ஒரே பிழையால் கட்டி வராது. பிரேக் ஜீன்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள் இருக்கின்றன, ஒன்று போனாலும் மற்றது தாங்கும். புகை, மது, வெயிலின் புற ஊதாக் கதிர், சில வைரஸ்கள் இதெல்லாம் பிழையைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் அக்காவுக்கு இன்ன காரணம் என்று ஒன்றைக் காட்ட யாராலும் முடியாது. அதைத்தான் சொன்னேன். "நீ எதுவும் பண்ணலக்கா. கோடிக்கணக்கான தடவை சரியா நகலெடுத்த உடம்பு இது." அவள் அழுதாள், ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த இரண்டு பிரதிக் கணக்கை 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்துச் சொன்னார். ஆர்.பி ஜீனின் ஒரு பிரதி பிறவியிலேயே கெட்டிருந்தால், மற்றொன்று கெட்டாலே போதும், அதனால் இந்த நோய் அவர்களுக்குச் சின்ன வயதிலேயே, பெரும்பாலும் இரு கண்களிலும் வருகிறது. இது தெரிந்த பிறகு குழந்தைகளின் படங்களைப் பார்க்கும் பழக்கமே எனக்கு மாறிவிட்டது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் பாப்பா சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், வெளிச்சக் கோணம் என்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். பெரும்பாலும் வேறு காரணமாகவே இருக்கலாம். இதுவாக இருந்தால் சீக்கிரம் காட்டுவது கண்ணையும் உயிரையும் காப்பாற்றும். மார்பகப் புற்றுநோயிலும் நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கு அது பரம்பரையாக வந்த ஜீன் மாற்றத்தால் வருகிறது. அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை என்பதால் மருத்துவர் அந்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். எதுவும் இல்லை என்று வந்தது. தங்கையாகிய எனக்கும் அது தேவைப்பட்ட தகவல்தான்.

அறுவைச் சிகிச்சையில் அக்குள் நிணநீர் முடிச்சுகள் இரண்டில் புற்றுச் செல்கள் இருந்தன. அதன் பிறகு கீமோ. முதல் நான்கு முறை, 21 நாளுக்கு ஒன்று, ரத்தச் சிவப்பாக ஒரு மருந்து. அடுத்து வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம் பேக்லிடாக்சல்.

ஏன் 21 நாள் என்று அத்தான் கேட்டார். கீமோ மருந்துக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. சுற்றில் இருக்கும் செல்லை அடிக்கும். மஜ்ஜையும் குடலும் முடிவேரும் எப்போதும் சுற்றில் இருப்பவை, அவையும் அடிபடும். ஆனால் மஜ்ஜைக்கு மீளத் தெரியும். வெள்ளணுக்கள் ஒரு வாரத்துக்கு மேல் போய் அடிமட்டத்தைத் தொட்டு, மூன்றாவது வாரத்தில் ஏறிவிடும். அந்த ஏற்றத்துக்குத்தான் 21 நாள் காத்திருக்கிறார்கள். நாட்காட்டியில் ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் ஏழு முதல் பதினான்கு நாள் வரை சிவப்புக் கோடு போட்டு வைத்தோம்.

அந்தக் கோடுதான் இரண்டாவது சுற்றில் கைகொடுத்தது. பதினோராம் நாள் ராத்திரி அக்காவுக்கு லேசாகக் குளிர். தெர்மாமீட்டர் 38.4 காட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தாள். "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுத் தூங்குறேன், காலையில பாக்கலாம்" என்றாள். போட விடவில்லை. வெள்ளணு இல்லாத உடம்பில் சீழ் பிடிக்காது, சிவக்காது, வீங்காது. காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும் அடையாளம், மாத்திரை போட்டால் அதுவும் மறைந்துவிடும். 38 டிகிரியைத் தொட்டாலே கிளம்ப வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போன இடத்தில் அவசரப் பிரிவில் காய்ச்சல் என்று சொன்னதும் வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். இருபது நிமிடம் போயிற்று. நான் எழுந்துபோய், "கீமோ நடக்குது, இன்னிக்கு பதினோராவது நாள், காய்ச்சல் 38.4" என்று சொன்ன பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். ஆன்டிபயாடிக் உடனே ஏறியது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை வெறும் 300. ஐந்து நாள் படுத்திருந்தாள். ஆகவே வாயைத் திறந்து சொல்லும் முதல் வரியே 'கீமோ நடக்கிறது, இத்தனையாவது நாள்' என்று இருக்கட்டும். அந்த வரியை ஒரு அட்டையில் எழுதி, மருந்தின் பெயர்களோடு பையிலேயே வைத்திருந்தோம் அதற்குப் பிறகு.

முடி மூன்றாவது வாரத்தில் உதிர்ந்தது. தலையில் பத்தில் ஒன்பது முடி எந்த நேரத்திலும் வளரும் கட்டத்தில் இருப்பதால் தப்பாது. உதிரும் முன்பே அவளாகவே ஒட்ட வெட்டிக்கொண்டாள். தலையணையில் கொத்துக் கொத்தாகப் பார்ப்பதைவிட அது பரவாயில்லை என்றாள்.

பேக்லிடாக்சல் தொடங்கியதும் எனக்கு அந்த இரவுப் படம் நினைவுக்கு வந்தது. இந்த மருந்து கதிர் இழைகளை உறைய வைத்துவிடும், இழை கலையவும் முடியாது நீளவும் முடியாது. செல்லில் 'பொறு' என்ற செய்தி அணையவே அணையாது. காத்திருந்து காத்திருந்து செல் செத்துப்போகும், அல்லது தாறுமாறாகப் பிரிந்து பிறகு சாகும். புற்றுச் செல்லில் மிச்சமிருந்த அந்த ஒரு பிரேக்கை வைத்தே அதை மடக்குகிறார்கள். ஆனால் அதே இழைகள் நரம்புகளிலும் இருக்கின்றன. முதுகிலிருந்து விரல் நுனி வரை பொருள்களை ஏற்றிச் செல்லும் தண்டவாளம் அவை. நரம்பு பிரியாத செல்தான், இருந்தும் தண்டவாளம் உறைந்தால் அடிபடும், அதிலும் நீளமான நரம்புகள் முதலில். ஆறாவது வாரம் அக்காவின் விரல் நுனி மரத்தது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அதை அவள் சொல்லவே இல்லை. சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம். ஒரு நாள் பொத்தானோடு அவள் போராடுவதை நான் பார்த்துவிட்டேன். அடுத்த வாரம் மருத்துவரிடம் சொன்னதும் அளவை மாற்றினார், முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். மரப்பு, கூச்சம், கையிலிருந்து பொருள் நழுவுவது, இவற்றில் எது தொடங்கினாலும் அந்த வாரமே சொல்லுங்கள். சில நரம்புகள் தாமதமாகத்தான் மீளும், சில முழுதாக மீளாது.

கதிர்வீச்சுச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதன் காரணம், நடுவில் நல்ல செல் தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கொடுப்பது. ஒரு நாளும் தவறாமல் போனோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஹார்மோன் மாத்திரை ஒன்று, அதை எதிர்பார்த்திருந்தோம். இன்னொன்று அபெமாசிக்ளிப். காலை ஒன்று, ராத்திரி ஒன்று, இரண்டு வருடம். சீட்டை வாங்கிப் பார்த்த எனக்குக் கை நின்றுவிட்டது. சி.டி.கே 4-ஐயும் 6-ஐயும் தடுக்கும் மருந்து அது. ஈஸ்ட்டிலும் கடல் முள்ளெலி முட்டையிலும் தொடங்கிய தேடல், ஒரு மருந்துச் சீட்டில் அக்கா பெயருக்குக் கீழே இருந்தது. ஆர்.பி-யின் பிடியை விடுவிக்கிற கையைக் கட்டிப்போடுகிறார்கள். ஆர்.பி கெடாமல் இருந்தால்தான் இதற்குப் பலன் உண்டு, காவலாளியே இல்லாத வாசலில் சாவியை ஒளித்துப் பயனில்லை.

முதல் மாதம் வயிற்றுப்போக்கு படுத்தியது. இந்த மருந்துக்கு அது மிகச் சாதாரணம். மருத்துவர் அதற்கான மாத்திரையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, முதல் முறை தளர்ந்து போனவுடனே தொடங்கு, பொறுத்துப் பார்க்காதே, நிறையத் தண்ணீர் குடி என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்ததில் இரண்டாவது மாதம் அடங்கியது. ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு கொஞ்சம் இறங்கியதும் வீட்டில் மறுபடி சிவப்புக் கோடு போடக் கிளம்பினார்கள். இது கீமோ மாதிரி அல்ல. மஜ்ஜைச் செல்களை இது கொல்வதில்லை, நிறுத்தி வைக்கிறது. மருந்தை விட்டால் எழுந்து நடக்கும். காய்ச்சல் வந்தால் சொல்ல வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

"இது உள்ள போய் என்னதான்டி பண்ணும்?" என்று ஒரு நாள் மாத்திரை அட்டையை நீட்டிக் கேட்டாள் அக்கா. அட்டைப் பெட்டியின் பின்பக்கம் ஒரு வட்டம் வரைந்தேன். ஜி1, எஸ், ஜி2, எம் என்று எழுதினேன். ஜி1 முடிகிற இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போட்டு, இந்த இடத்தில் நிறுத்தும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவை வாங்கி அந்தக் கோட்டை இன்னும் தடிமனாக இழுத்தாள். மரத்த விரலால் பேனா பிடிக்க இன்னும் சரியாக வரவில்லை, கோடு கொஞ்சம் கோணிவிட்டது. அந்தப் பெட்டியை மருந்து வைக்கும் அலமாரியில் முன்னால் தெரியும்படி வைத்திருக்கிறாள். பதினான்கு மாதம் முடிந்திருக்கிறது, இன்னும் பத்து இருக்கிறது.